சைலன்சரைக் கழற்றிய ஜப்பான் கார்

என் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் அவளை அவள் அப்பன் வீட்டுக்கு எந்த வண்டியில் கூட்டிப்போவது என்பதை என்னைத் தவிர எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர்: என் கணவர், அவருடைய உயிர்க் கூட்டாளி, என் மாமியார். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான். பெரியத்தா கார்.

என் கணவரின் பெரியத்தா, அவருடைய அப்பாவின் அண்ணன், மலேசியாவில் கடை வைத்திருந்தவர். வயதான காலத்தில் கடையை விற்றுவிட்டு விருதுநகருக்குத் திரும்பியபோது, சாமான்களோடு சாமானாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த பழைய ஜப்பான் கார் அது. இரண்டே கதவு. தரையோடு தரையாகக் கிடக்கும். ஊருக்கு வந்த பிறகு அவருக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டது. காருக்குள் இறங்க முடிந்தது, வெளியே ஏறத்தான் இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் அப்படி இழுத்து எடுக்கப்பட்ட பிறகு, சாவியை என் கணவர் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் நடந்த எல்லாக் கோமாளித்தனத்துக்கும் அந்தச் சாவிதான் காரணம்.

அந்தக் காரில் டர்போ உண்டு. அதை நான் எளிதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டு ஆண்கள் அதை எளிதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றும். அதோடு ஒரே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், வண்டி பாயும். அவ்வளவுதான். புகை ஓடும் பக்கத்து இரும்புக் கூடு தோசைக்கல்லைவிடச் சூடாகும் என்பது ஒன்றுதான் இதில் நினைவில் வைக்க வேண்டியது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் இயற்பியல் படித்தவள். அதைவிட முக்கியமாக, ஆங்கிலம் வாசிப்பேன். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை கேட்ட ஒரே கேள்வி, "இங்கிலீஷ் நல்லா வாசிப்பீகளா?" என்பதுதான். படித்த பெண்ணை மதிக்கிற குடும்பம் என்று என்னைப் பெற்ற அத்தா மகிழ்ந்துபோனார். கல்யாணமான அடுத்த வாரமே, பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார் கணவர். உலகம் முழுவதும் இதே மாதிரிக் கார் வைத்திருக்கும் ஆண்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் எழுதிக்கொண்ட புலம்பல்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பார். 'வேகமாக ஓட்டி நிறுத்தியதும் என்ஜினை உடனே அணைக்காதே, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவை' என்று வந்தால், "சரி, அடுத்தது என்ன?" என்பார். 'சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் சத்தம் அபாரம்' என்று வந்தால், "அத மறுபடி வாசி" என்பார்.

காரை நிறுத்தியிருந்த இடம் எங்கள் மிளகாய் மண்டி. மாமனார் வீட்டுக்கு வற்றல் கமிஷன் வியாபாரம். சீசனில் லோடு லோடாக வந்து இறங்கும். மண்டிக்குள் புதிதாக நுழைகிறவர்கள் வாசலிலேயே நான்கு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தத் தூசிக்குள், மூட்டைகளுக்கு நடுவில், போர்வை போர்த்திப் படுத்திருந்தது ஜப்பான் கார். போர்வை மேலே போர்த்தியிருந்தது. மிளகாய்த் தூசி கீழே வழியாகப் போயிற்று. அங்கேயே கணவரும் கூட்டாளியும் காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பூ மாதிரி விரிந்த ஒரு திறந்த வடிகட்டியை மாட்டினார்கள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பத்தான் வண்டி நல்லா மூச்சு விடும்."

"மண்டிக்குள்ள நாமளே மூச்சு விட முடியல. அது விடுமா?"

கூட்டாளி சிரித்தார். "தங்கச்சி காலேஜுல படிச்சதெல்லாம் பேசுது மாப்ளே."

பிறகு வடிகட்டிக்கு மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். நான் சொன்னதால் இல்லை, அவர்களாகவே கண்டுபிடித்ததாக.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள். நல்ல மனிதர், வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் பிரஸ்ஸில் கிடைக்கும் பொருளைக் கொண்டு உலகத்தில் எதையும் சரிசெய்யலாம் என்று நம்புகிறவர். டர்போவிலிருந்து காற்று வரும் ரப்பர் குழாய் ஒன்று கிழிந்தபோது, அச்சு இயந்திரத்து உருளையில் சுற்றும் ரப்பர் விரிப்பை வெட்டி அதன் மேல் சுற்றினார். இறுக்கிப் பிடிக்கக் காலண்டர் தலையில் அடிக்கும் தகரப் பட்டை. எண்ணெய் கசிந்த இடத்தில் இரும்புக்கு நடுவே வைத்து அடைக்கும் கேஸ்கெட் வேண்டியிருந்தபோது காலண்டர் அட்டையையே வெட்டினார். குண்டுக் குழந்தை சிரிக்கும் படம் போட்ட அட்டை. கேஸ்கெட்டின் ஒரு ஓரத்தில் அதன் கன்னமும் பாதி உதடும் இருந்தன. நான் அதைப் பார்த்தபோது எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம்.

"ஜப்பான்காரன் பாத்தா அசந்துருவான்," என்றார் கணவர்.

அதில் எனக்கும் சந்தேகமில்லை.

முதல் முறை என்ஜின் நன்றாகச் சூடான நாளில் அந்தத் தெருவே இருமியது. டர்போவின் கூட்டில் படிந்திருந்த மிளகாய்த் தூசி வறுபட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்துப் பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினார்கள். கூட்டாளிக்கு மட்டும் சந்தோஷம். "நல்லதுதான் மாப்ளே, காருக்குத் தானாத் திருஷ்டி கழிஞ்சிருச்சு. தனியா மிளகா சுத்திப் போட வேணாம்."

நான் அன்றைக்கே நினைத்தேன். என் பிள்ளை இந்த வண்டியில் ஏறக் கூடாது. அப்போது பிள்ளை பிறந்திருக்கவே இல்லை.

ஏழாம் மாதத்தில் தலைப்பிரசவத்துக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எம். புதுப்பட்டி. அத்தாவுக்கு அங்கே மளிகைக் கடை. ஊரைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகள்தான். பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் கம்பெனி வேன்களில் வந்து இறங்குகிற பெண்கள் எங்கள் கடையில் வெற்றிலையும் சோப்பும் வாங்கிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது விரல்களில் வெள்ளி மினுங்கும், மருந்துப் பொடி.

நான் அங்கே இருந்த மாதங்களில்தான் காரின் 'வேலை' உச்சத்துக்குப் போனது. ஞாயிறு தோறும் என்னைப் பார்க்க பஸ்ஸில் வருவார் கணவர். கார் எப்போதும் பிரித்துக் கிடக்கும், அதனால் பஸ். என் கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்பார், பிறகு கார். சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் போட்டாகிவிட்டது. பழைய சைலன்சர் இனி எதற்கு என்று பழைய இரும்புக் கடையில் எடை போட்டாகிவிட்டது. டர்போ அமுக்கிய காற்று மிஞ்சினால் அதை வெளியே விடும் வால்வு ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். முன்பு அது காற்றைக் குழாய்க்குள்ளேயே திருப்பி விட்டது, இப்போது 'ப்ஸ்ஸ்' என்று வெளியே துப்புகிறது. முக்கியமாக, வேகத்தில் போகும்போது சட்டென்று காலை எடுத்தால் பின்னால் 'டப்' என்று வெடிக்கிறது. சில சமயம் குழாயில் ஒரு சாண் நெருப்பும் வருகிறது.

"நெருப்பா?" என்றேன்.

"நீலமா வருது," என்றார், பூத்த முகத்தோடு.

அந்த வெடிக்குக் காரணத்தை அவர் கொண்டுவந்த காகிதத்திலேயே வாசித்துக் காட்டினேன். முன்னால் இருக்கும் கருவி உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கணக்காக அனுப்புகிறது. அளந்த காற்றை நீங்கள் வழியில் வெளியே துப்பிவிட்டால் அதற்கென்று புறப்பட்ட பெட்ரோல் என்ன செய்யும்? எரியாமல் சூடான குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கும். இது வீரம் இல்லை, தவறு. பழைய வால்வைப் போட்டால் நின்றுவிடும்.

அந்த ஞாயிறு கூட்டாளியும் உடன் வந்திருந்தார். "தங்கச்சி, அந்தச் சத்தத்துக்குத்தான் இம்புட்டுப் பாடு. பட்டாசு ஊர்ல பொறந்துட்டு வெடிக்குப் பயப்படலாமா?"

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த அம்மா, டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் ஓசையாகவே வைத்தாள். சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவருக்குப் பட்டாசு என்றால் லேபிள். எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் ஒரு வெடி கேட்டால் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையில் புகை எழுகிறது, அது யார் வேலை செய்யும் கம்பெனி. புகை இல்லையென்றால்தான் மூச்சு வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆசிரியையே பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவார். பட்டாசு ஊரில் பிறந்தவர்கள்தான் வெடிக்குப் பயப்படுவார்கள். வாங்கிக் கொளுத்துகிறவர்களுக்கு என்ன?

மகள் பிறந்தாள். நாற்பது நெருங்கியது. அத்தா மெதுவாக, "ஸ்டாண்டுல அம்பாசிடர் சொல்லிரவா?" என்று என் மாமியாரிடம் ஃபோனில் கேட்டார். மாமி விடவில்லை. "எம் மகன் அஞ்சாறு மாசமா அந்தக் காரை எதுக்குச் செய்யுறான்? எம் பேத்தி பெரியத்தா காருலதான் வருவா. தெருவே வாசல்ல நிக்கும்." அதற்கு மேல் அத்தா என்ன பேச முடியும், பெண்ணைக் கொடுத்தவர்.

நான் கணவரிடம் மூன்று காரியம் கேட்டுக்கொண்டேன். என்ஜினைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, மிளகாய்த் தூசியை முழுக்க எடுக்க வேண்டும். வெடிச் சத்தம் வரக் கூடாது. மெதுவாக ஓட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார். அவர் சரி என்று சொல்லும் வேகத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கேட்கப்போவதில்லை என்று சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் எங்கள் வீட்டில் சரி. ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? அழைக்க வந்தவர்கள் முன்னால் 'ஏற மாட்டேன்' என்று நிற்பதை மனதுக்குள் பல முறை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மாமியின் முகம் வரும், அத்தாவின் முகம் வரும், ஒத்திகை பாதியில் கலைந்துவிடும்.

பங்குனி வெயிலில் வந்து இறங்கினார்கள். காரின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. மெழுகு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கூட்டாளி தன் பைக்கில் பின்னால் வந்தார். காரில் இடம் இல்லாததால் இல்லை.

"வெளிய இருந்து கேட்டாத்தான் தங்கச்சி சத்தத்தோட அருமை தெரியும்."

பிரியாணி சாப்பிட்டு, மிட்டாய்த் தட்டு மாற்றி, மதிய லுஹர் தொழுகை முடிந்து புறப்பட்டோம். மாமி முன் இருக்கையில், நாலு பட்டை பெல்ட்டுக்கு நடுவில், ஜமீன்தார் போல. பின் இருக்கை என்று அவர்கள் சொல்லும் அலமாரித் தட்டில் நான், என் மடியில் மகள், பக்கத்தில் அம்மா கொடுத்த பலகாரத் தூக்குகள். என் முழங்கால் என் நெஞ்சுக்கு வந்தது. அம்மா குனிந்து பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைத்தாள். நிமிரும்போது என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு வெக்கையா இருக்கும், கண்ணாடிய ஏத்தி ஏசியப் போடு," என்றார் மாமி.

வரும்போது கண்ணாடியைத் திறந்துவிட்டுக் காற்றோட்டமாக வந்திருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது நாலு பக்கமும் மூடி, ஊர்த் தெருவில் ஊர்ந்து, ஏசி என்ஜின் பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்க ஆரம்பித்ததும் எனக்கு மூக்கு அரித்தது. கடைசி வீட்டைத் தாண்டும்போது மாமி தும்மினார். அடுத்து பிள்ளை. ஒரு சின்னத் தும்மல், பூனைக்குட்டி போல.

"என்னங்க, என்ஜினைக் கழுவுனீகளா?"

"மேல துடைச்சாச்சு."

"மண்டியிலிருந்தா நேரா எடுத்துட்டு வந்தீக?"

"நேத்து லோடு வந்துச்சும்மா, நடுவுல எங்க போயி நிறுத்துறது? இரு, கொஞ்சம் வேகமாப் போனா வாடை போயிரும்."

மிதித்தார். அதுவரை நான் அந்தக் காரில் வேகத்தைப் பார்த்ததில்லை. முதுகு பின்னால் ஒட்டியது. தூக்குகள் உருண்டன. டர்போ ஊளையிட்டது. சூடு ஏற ஏற வறுத்த மிளகாய் நெடி குறையவில்லை, திரண்டு வந்தது. மகள் இருமினாள். பிறகு இருமல் வராமல் வாயை மட்டும் திறந்தாள். முகம் சிவந்து கறுத்தது. சத்தம் இல்லை.

நான் அலறினேன். "நிப்பாட்டுங்க!"

அவர் சட்டென்று காலை எடுத்தார்.

வெடித்தது. அவர்கள் மாதக் கணக்கில் பாடுபட்டுத் தயாரித்த அந்த 'டப்', சிவகாசி லட்சுமி வெடி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி வெடித்தது. உடனே இன்னொன்று. கார் நின்ற இடம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலுக்கு நேர் எதிரே.

நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மாமியைத் தாண்டி எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வெளிக்காற்று பட்டதும் மகள் ஒரு மூச்சு இழுத்து வீறிட்டு அழுதாள். அவள் வாழ்நாளில் அவள் அழுததற்கு நான் சந்தோஷப்பட்டது அப்போது மட்டும்தான். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கம்பெனியைப் பார்த்தேன்.

அறை அறையாகப் பெண்கள் வெளியே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். வெடி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் திறந்த வெளிக்கு ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். செருப்பில்லாத கால்கள் வெயிலில் கருவேல முள்ளின் மேல். வேலியோரம் வந்து நின்று ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். புகையைத் தேடினார்கள். புகை எங்கள் காருக்குப் பின்னால்தான் இருந்தது.

வாட்ச்மேன் வந்தார். முதலில் குழாயைக் குனிந்து பார்த்தார்.

"சைலன்சர் எங்க?"

"இல்ல," என்றார் கணவர்.

"இல்லைன்னா?"

"கழட்டியாச்சு."

"கழட்டுனீகளா! இங்கன வார லாரிக்குப் பொறி பறக்காம இருக்க சைலன்சர் வாயில வலை போடச் சொல்லி நாங்க மல்லுக்கட்டுறோம், நீரு சைலன்சரையே கழட்டிட்டு வந்து வாசல்ல நின்னு வெடிக்கீரு. அறிவிருக்காவே?"

பைக்கில் வந்து சேர்ந்த கூட்டாளி, "அண்ணாச்சி, இது வெடி இல்ல, டர்போ..." என்று தொடங்கினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், "ஏலே, அந்தக் கருமத்தை உங்க வீட்டுல கொண்டு வச்சு வெடி!" என்றாள். அவள் முழங்கை வரை வெள்ளிப் பொடி. கை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்குமே நடுங்கியது. போர்மேன் வந்து பார்த்துவிட்டு, நடுங்குகிற கையோடு யாரும் மருந்தைத் தொட வேண்டாம், இன்றைக்கு வேலை போதும் என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய அரை நாள் கூலி, எங்கள் வீட்டு ஜப்பான் சத்தத்தோடு போயிற்று.

வாட்ச்மேன் கடைசியாகச் சொன்னார்: "வண்டிய ஸ்டார்ட் பண்ணப்படாது. காம்பவுண்டு முடியுற வரைக்கும் தள்ளிட்டுப் போங்க."

தள்ளினார்கள். கணவர் கதவுப்பக்கம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கூட்டாளி பின்னால். மாமியை இறங்கச் சொன்னபோது, "நான் ஏன் எறங்கணும்? வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். மாமியோடு சேர்த்தே தள்ளினார்கள். காம்பவுண்டு முடியும் இடத்தில் அடுத்த கம்பெனியின் காம்பவுண்டு தொடங்கியது. அந்த வாட்ச்மேனும் வாசலில் காத்திருந்தார். அவருக்கும் வெடி கேட்டிருந்தது. அந்தச் சாலையில் இரண்டு கம்பெனிக்கு நடுவே கார் ஸ்டார்ட் பண்ண இடம் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரியான என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"வா ஏறு," என்றார் கணவர் என்னைப் பார்த்து, மூச்சு வாங்க. "தள்ளுற வண்டிதானே, நெடி வராது."

"நான் ஏறல."

மனதுக்குள் பல முறை ஒத்திகை பார்த்த வசனம். அது வாயில் வந்தபோது கேட்கவேண்டியவர் கேட்கக் கூடிய நிலையில் இல்லை, சக்கரம் ஒரு பள்ளத்தில் சிக்கியிருந்தது.

வேலையை நிறுத்திவிட்டதால் கம்பெனி வேன் சீக்கிரமே கிளம்பியது. திருத்தங்கல் பக்கம் போகிற வேன். சாலையோரம் நின்ற என்னை அதிலிருந்த ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டாள். "மளிகைக் கடைக்காரக மகதானே? வெயில்ல பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன் நிக்க? ஏறு தாயி."

ஏறினேன். எனக்கு உட்கார இடம் கொடுத்து மூன்று பேர் எழுந்து நின்றார்கள், யாரால் கூலி போனதோ அந்த வீட்டுக்காரிக்கு. தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் விடவில்லை.

"உன் மாப்பிள்ளைக்கு வெடி வேணும்னா எங்ககிட்டக் கேக்கச் சொல்லு தாயி. பெட்டி பெட்டியாத் தாரோம். காரை எதுக்குப் போட்டுப் பாடாப் படுத்துறாரு?"

"அது ரொம்ப வேகமாப் போகுமாமே?"

"ஜப்பான் காராம்ல!"

"இந்தா, பாரு வேகத்தை."

வேன் அவர்களைத் தாண்டியது. மூன்றாவது கம்பெனியின் காம்பவுண்டு. கூட்டாளியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கணவர் வேனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி டயரை ஆராய்ந்தார். மூடிய கண்ணாடிக்குள் மாமி என்னைக் கண்டு ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. வேனுக்குள் எழுந்த சிரிப்பில் ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். நானும் சிரித்தேன். சிரித்ததும் பயந்தேன். வீட்டுக்காரரைப் பார்த்து வேன் நிறையப் பெண்களோடு சேர்ந்து சிரிக்கலாமா என்று.

அதைவிடப் பெரிய பயம் சீக்கிரமே வந்தது. மகள் கை மாறிப் போய்க்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். அவள் நெற்றியில், உள்ளங்கையில், மேல்துணியில் வெள்ளி மினுங்கியது. நெருப்புத் துப்பும் காரிலிருந்து காப்பாற்றி, மருந்துப் பொடிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேனா? கேட்டு வாங்க வெட்கமாக இருந்தது. வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. "பால் குடிக்கிற நேரம்," என்று பொய் சொல்லி வாங்கி, முந்தானையால் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவள் புரிந்துகொண்டாள். தன் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

திருத்தங்கலில் இறங்கி விருதுநகர் பஸ், அங்கிருந்து ஆட்டோ. எங்கள் தெருவில் மாமி சொன்னபடியே எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஆலத்தித் தட்டு கூடத் தயாராக இருந்தது. ஆட்டோவிலிருந்து நான் தனியாக, பிள்ளையோடு இறங்கியதும் எதிர்வீட்டம்மா தெருமுனை வரை எட்டிப் பார்த்தார்.

"காரு எங்கம்மா?"

"பின்னாடி வருது," என்றேன். "தள்ளிட்டு வாராக."

அவர்கள் பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார்கள். மாமி நேராகப் படுக்கப் போய்விட்டார். அதற்கு முன் அம்மாவின் ஃபோன் வந்திருந்தது. வெடி கேட்டதும் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தாளாம். நாங்கள் போன திசை. புகை தெரியவில்லை. ஆனாலும் அத்தா கடையைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் வந்து, கம்பெனி வாசலில் விசாரித்து, பிள்ளை வேனில் போய்விட்டாள் என்று கேட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறார். சொல்லும்போது அம்மா அழவில்லை. "பிள்ளைய நல்லாக் குளிப்பாட்டு," என்றாள்.

கணவர் முகம் கழுவிவிட்டு வந்து தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

"மூணாவது கம்பெனி வாட்ச்மேனுக்கே கேட்டுருக்குன்னா, எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

நான் தூரத்தைச் சொல்லவில்லை. பழைய சைலன்சர் திரும்ப மாட்டப்பட்ட பிறகுதான் என் மகள் அந்தக் காரில் ஏறுவாள் என்று மட்டும் சொன்னேன். பழைய இரும்புக் கடையில் அது எப்போதோ உருகப் போயிருந்தது. அதே மாதிரி வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டுமாம். அவர் இணையத்தில் தேடுகிறார். கிடைத்த காகிதங்களை இப்போதும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன், ஏனென்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு நான் அலறாமல் இருந்திருந்தால் அவர் காலை மெதுவாக எடுத்திருப்பாரோ, அந்த வெடி வெடிக்காமலே போயிருக்குமோ என்று சில சமயம் தோன்றும். உடனே பிள்ளையின் அந்தச் சத்தமில்லாத திறந்த வாய் ஞாபகம் வரும்.

கார் மண்டியில் இருக்கிறது, போர்வைக்குள். மகள் யு.கே.ஜி. போகிறாள், ஸ்கூல் வேனில். முதல் நாள் வேன் வந்து நின்றதும் நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். டிரைவர் என்னம்மா தேடுறீக என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சைலன்சர் இருந்தது.